ஏற்றியாச்சு, இனி அதுபாட்டுக்கு ஓடும் என்பவர்களுக்கு

"முகவரித் தேடல் சேவையை ஒருமுறை சர்வரில் ஏற்றிவிட்டால் போதும், அதுபாட்டுக்கு ஓடும்." முகவரியை வரைபடப் புள்ளியாக்கித் தரும் இந்தச் சேவையைப் பற்றி, வரைபட வேலை கொடுப்பவர், எடுப்பவர் இரு தரப்பிலும் இந்தப் பேச்சு உண்டு. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

தெருத் தரவைத் திருத்தினால் சேவையும் தானாகத் திருந்திவிடுமாம். ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முகவரி தேடும் கோப்பான லொக்கேட்டர், அதை உருவாக்கிய நாளில் தரவு எப்படி இருந்ததோ அதன் நகல். நேற்றுச் சேர்த்த தெரு அதற்குள் இருக்காது. லொக்கேட்டரை மறுபடி உருவாக்கி, சர்வரில் உள்ளதையும் மாற்ற வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் நாமினாட்டிம் என்ற தேடல் மென்பொருள், மாற்றங்களை நிமிடத்துக்கு ஒருமுறைகூட வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கும் வேலை நடுவில் நின்றுபோனாலும் தேடல் நிற்காது. பழைய விடையையே சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் ஆபத்து.

தெருக்கள் அப்படி என்ன மாறிவிடப் போகின்றன என்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையானது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையானது. வீட்டு வாசலிலோ பழைய எண், புதிய எண் என்று இரண்டு. ஒரே தெருவில் பழைய 12 ஒரு வீடு, புதிய 12 இன்னொரு வீடு. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதுவரை தனித்தனி உள்ளாட்சிகளில் இருந்த எத்தனையோ முதல் குறுக்குத் தெருக்கள் 'சென்னை' என்ற ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தன. பழைய பெயரை அழிக்காமல் மாற்றுப் பெயராக வைப்பது, எண் வரிசைகளைப் பிரிப்பது, பகுதிப் பெயரைச் சேர்ப்பது எல்லாம் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியவை.

முகவரி எவ்வளவு பொருந்தியது என்று சேவை தரும் மதிப்பெண்ணைக் காட்டி, "நூற்றுக்கு நூறு வருகிறதே" என்பார்கள். தெரு கிடைக்காதபோது சேவை பின்கோட்டுக்கு இறங்கிவிடும். 600004 சரியாகப் பொருந்தியதால் மதிப்பெண் உயர்ந்தே வரும். புள்ளி மயிலாப்பூருக்குள் எங்கோ விழும். அதை நம்பி ஆம்புலன்ஸ் அனுப்ப முடியுமா? பொருந்தியது வீடா, தெருவா, வெறும் பின்கோடா என்பதைப் பார்க்காத மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

இப்போது புதிதாக ஒரு வாதம்: 2025இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது அது. நல்ல முயற்சிதான். ஆனால் அது அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்கிடப்படுவது. ரேஷன் கார்டில் அச்சான முகவரிக்கு அந்த இரண்டையும் தரப்போவது மறுபடி இதே தேடல் சேவைதான்.

புதுப்பித்தால் சேவை தடைபடும் என்ற பயமும் வேண்டாம். புதுப்பித்ததைச் சோதனைப் பெயரில் ஏற்றி, விடை தெரிந்த முகவரிகளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழைய பெயருக்கு மாற்றினால், செயலிகளில் எதையும் தொட வேண்டியதில்லை.

அடுத்த டெண்டரில் பராமரிப்புக்கென்று ஒரு ஆளையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற வரியையும் சேருங்கள். தரவு எந்தத் தேதி வரைக்குமானது என்பதைச் சேவையின் விவரப் பக்கத்திலேயே போடுங்கள்.