மடிக் கிடாரும் மரத்தூளும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"படிக்கிற பையனுக்கு இழைப்புளி எதுக்குடா?"

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்கவில்லை. நான் இரவல் வாங்கி வந்திருந்த இழைப்புளியையும் உளிகளையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். இது என் ஒருவன் வீட்டுக் கேள்வி அன்று. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருடைய வீடுகளிலும் வெவ்வேறு சொற்களில் கேட்கப்படுகிற கேள்விதான். ஆகவே அதற்கு என் மனத்தில் பட்ட விடையை இந்த ஆண்டு மலர் வாயிலாகச் சொல்லத் துணிகிறேன். ஆசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படித்து, தவறிருந்தால் திருத்த வேண்டுகிறேன்.

விதை விழுந்த இடம் நம் இயற்பியல் ஆய்வுக்கூடம். முதலாண்டில் சுரமானிச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, மீட்டிய கம்பி அதிர்ந்துகொண்டிருக்கையிலேயே ஓர் இரும்புத் துண்டை அதன்மேல் வைத்து நகர்த்தினேன். ஓசை வழுக்கிக்கொண்டே மேலேறியது. அழுவது போலவும் இருந்தது. பாடுவது போலவும் இருந்தது. சோதனையை முடிக்காமல் விளையாடுகிறேன் என்று பேராசிரியர் கோபிப்பார் என அஞ்சினேன். அவரோ, "கோட்டுவாத்தியம் கேட்டிருக்கிறாயா தம்பி? அதன் சூட்சுமம் இதுதான்" என்றார். அன்று மாலையே நண்பன் ஒருவனுடைய கைப்பேசியில் கோட்டுவாத்தியத்தையும், அதற்குத் தூரத்து உறவான ஹவாயன் கிடாரையும் கேட்டேன். கேட்டதும், இப்படி ஒன்றை நாமே செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை பிறந்தது.

கிடார் என்றதும் நமக்கு நினைவு வருவது, மார்போடு அணைத்துக்கொண்டு, மெட்டுகளுக்கு நடுவே இடக்கை விரல்களால் கம்பியை அழுத்தி வாசிக்கும் கருவி. மடிக் கிடார் அப்படியன்று. அது வானம் பார்த்தபடி மடிமீது படுத்துக் கிடக்கும். அழுத்துவதற்கு மெட்டுகள் இல்லை. இடக்கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின்மேல் பதமாக வழுக்க வேண்டும். வலக்கையால் மீட்ட வேண்டும். உருளை நிற்கும் இடமே சுரம்.

இதன் வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பெரும் வியப்பு. 1880களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுக்கு என்ற பள்ளி மாணவர் இதைத் தொடங்கிவைத்தார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் கம்பிமேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தம் பள்ளிப் பட்டறையிலேயே ஓர் எஃகுத் துண்டைச் செய்துகொண்டார் என்பர். அவருக்கும் முன்பே, இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய்க்குக் கொண்டு போகப்பட்ட கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் இவ்வாறு வாசித்தார் என்று கூறுவாரும் உண்டு. 1931இல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாமும் அவருடைய கூட்டாளிகளும் காந்தமும் கம்பிச்சுருளும் பொருத்திய கிடார் ஒன்றின் மாதிரியை மரத்தில் செதுக்கினார்கள். 1932இல் அது அலுமினியத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. நீண்ட கைப்பிடியும் வட்ட உடலுமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்று பட்டப்பெயர். வணிகத்தில் வெற்றி கண்ட உலகின் முதல் மின்சாரக் கிடார் அதுதான். அதுவும் மடியில் கிடந்து பாடும் கிடார்தான்!

நம் நாட்டுக்கும் இது புதியதன்று. சமோவாத் தீவில் பிறந்த தாவ் மோ என்ற கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கி ஹவாயன் கிடாரைப் பரப்பினார். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டினார். அவருக்குப் பின் வந்த விசுவ மோகன் பட், தாமே மாற்றியமைத்த 'மோகன வீணை'யால் 1994இல் கிராமி விருது பெற்றார். நம் தமிழகத்திலோ, திருவிடைமருதூர் சகாராம ராவ், புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள் முதலியோர் கருங்காலி உருளையை ஓட்டிக் கோட்டுவாத்தியத்தைப் பாடவைத்தார்கள். ஆக, நான் மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது அந்நியப் பொருள் அன்று.

இனி, செய்த கதை. தச்சு வேலையில் கற்றுக்குட்டியான எவனும் முதலில் செய்யத்தக்க நரம்புக் கருவி மடிக் கிடார்தான் என்பது என் துணிபு. சாதாரணக் கிடாரில் ஒரு மெட்டு மயிரிழை பிசகினாலும் சுரம் கெடும். இதில் மெட்டுக்குப் பதில் வெறும் கோடுகள். கண்ணுக்கு வழிகாட்டினால் போதும். கம்பியின் நீளத்தை 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். இழுவிசை மாறாதபோது அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது நாம் படித்த விதி. அதன்படி, மேல் முனையிலிருந்து 12 சென்டிமீட்டரில் அந்தர காந்தாரம், 15இல் சுத்த மத்தியமம், 20இல் பஞ்சமம், சரிபாதியான 30இல் மேல் ஷட்ஜம். எவ்வளவு அழகான கணக்கு! தேர்வுக்காக உருப்போட்ட விதி, பென்சில் கோடாக மரத்தில் இறங்கியபோதுதான் எனக்கு அது சொந்தமாயிற்று.

ஆனால், மரம் எனக்கு வேறொரு பாடமும் வைத்திருந்தது. மலிவாகக் கிடைத்ததே என்று, ஈரம் காயாத வேப்பம்பலகையில் முதல் கிடாரைச் செய்தேன். ஒரு கம்பியின் இழுவிசை சுமார் 7, 8 கிலோ. ஆறு கம்பிகளும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு சிமெண்டு மூட்டையின் பாரம் இரவும் பகலும் அந்தப் பலகையை இழுத்துக்கொண்டிருக்கும். நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. பத்தே நாளில் பலகை வில்லாக வளைந்தது. எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். "பச்ச மரம் நிக்காதுங்க தம்பி. காஞ்சு அடங்கின மரமாப் பாருங்க" என்றார். ஒரு வரி, ஒரு மாத உழைப்பின் விலை!

காய்ந்து அடங்கிய மரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. எங்கள் அப்பாரு கைத்தறி நெய்தவர். தறியை விற்றபின் எஞ்சிய கால்சட்டம் ஒன்று ஆட்டுப்பட்டிக்கு முட்டுக் கொடுத்து நின்றது. நாலங்குல அகலம், இரண்டரை அங்குல கனம். அதைத்தான் எடுத்து இழைத்தேன். காந்தச் சுருளுக்கு வேண்டிய மெல்லிய செம்புக் கம்பியைக் கோவையில் சிறு டிரான்ஸ்பார்மர் சுற்றும் ஒருவரிடம் வாங்கினேன். சுற்றுவதற்கு எந்திரம்? அம்மாவின் தையல் எந்திரத்தில் பாபினுக்கு நூல் சுற்றும் உருளை இருக்கிறதே! ஒரு மிதிக்குச் சுருள் எத்தனை தடவை சுற்றுகிறது என்று முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு மிதிகளைக் கணக்கிட்டு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் ஏற்றினேன். கம்பி நான்கு முறை அறுந்தது. எஃகுக் கம்பி காந்தத்தின் அருகே அதிரும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. 1831இல் பாரடே கண்ட உண்மை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய ஒலிபெருக்கி வழியாக முனகியது. எஃகு உருளையைக் கடைந்து கொடுத்தவர், பின்னல் எந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் லேத் பட்டறைக்காரர். மொத்தச் செலவு ஆயிரத்துச் சொச்சம். விடுமுறையில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது.

இப்போது என் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கட்டிங் மாஸ்டர். இருபத்தைந்து ஆண்டுகளாக நாளுக்கு ஒன்றரை ஷிப்டு மேசை முன் நிற்பவர். இழைப்புளியைப் பரணில் போட்ட அன்று அவர் சொன்னார்: "உன்னைய இதுல இருந்து வெளிய கொண்டுவரத்தானே நான் நிக்கறேன்? நீ திரும்பி உள்ள வர்றே."

நண்பர்களே, இந்தச் சொல்லை எளிதாக ஒதுக்கிவிட முடியுமா? கைத்தொழிலின் மேன்மையைப் பற்றி மேடையில் முழங்குபவர்களில் பலர் அதைச் செய்து பிழைத்தவர்கள் அல்லர். முதுகு வலியும் கால் வீக்கமும் அறிந்த ஒருவர், தம் மகன் கையில் உளியைக் கண்டு அஞ்சுவது அறியாமை அன்று, அனுபவம். அவருக்கு விடை சொல்ல வேண்டுமானால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நான் கண்ட விடை இதுதான். அவரை வருத்துவது கைவேலை அன்று. தமக்கென்று ஒன்றுமில்லாத கைவேலை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் நம் திருப்பூரிலிருந்து போகிறது. அளவு யாரோ கொடுக்கிறார்கள். நிறம் யாரோ சொல்கிறார்கள். கப்பலேறும் நாளை யாரோ குறிக்கிறார்கள். எண்ணற்ற சட்டைகளுக்குத் துணி வெட்டிய என் தந்தையார், தம் விருப்பத்துக்கு, தம் அளவில், ஒன்றேனும் வெட்டிக்கொண்டதில்லை. பொழுதுபோக்கு என்பது வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்று நாமும் நம்பிவிட்டோம். அதனால்தான் படிப்பு என்றால் கையை மறப்பது என்றும், கைவேலை என்றால் படிப்பில் தோற்றவன் செய்வது என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையால் இழப்பு இரு பக்கமும் இருக்கிறது. சுரமானியின் சூத்திரத்தை எழுதத் தெரிந்த எனக்குப் பச்சை மரம் எது, காய்ந்த மரம் எது என்று தெரியவில்லை. அதைத் தெரிந்த ஆசாரிக்குக் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வர ஒரு காரணம் கிடைக்கவில்லை.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வகுப்பு முடிந்ததும் இரவு ஷிப்டுக்கு ஓடும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் போய்ப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்கு வெற்றிலை கொடுப்பது போலாகும். ஆகவேதான், இதற்கு வீட்டில் அன்று, கல்லூரியில், கல்லூரி நேரத்திலேயே இடம் வேண்டும் என்கிறேன். என் வேண்டுகோள்கள் இரண்டு.

ஒன்று, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு வேலைமேசை, ஒரு பட்டறைப் பிடி, ஐந்தாறு கருவிகள் போதும். மதிப்பெண் வேண்டாம், தேர்வும் வேண்டாம். கெகுக்குவுக்குத் தம் பள்ளியில் ஒரு பட்டறை இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இரண்டு, அந்த மணி நேரத்துக்கு எங்கள் பெற்றோரை அழையுங்கள். கையெழுத்திட மட்டும் அழைக்கப்படும் விருந்தினராக அன்று, ஆசிரியராக. கட்டிங் மாஸ்டர், தறி ஓட்டுபவர், மோட்டார் காயில் கட்டுபவர், ஆசாரி என்று நம் வகுப்பறைகளுக்கு வெளியே எத்தனை பேராசிரியர்கள்! தங்கள் கையில் இருப்பது அறிவு என்று ஒரு கல்லூரி சொல்லி அவர்கள் ஒருமுறையாவது கேட்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு ஞாயிறன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பரணிலிருந்து கருவிகளை நானே இறக்கி, சட்டத்தில் நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் தம்ளரோடு வந்த தந்தையார் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கோடு ஒரு நூல் தள்ளியிருக்குது பாரு" என்றார். அளந்தேன். சரியாக ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கீழ்முனையில் விலகியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, சாக்குக்கட்டி தேய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் ஒரு சுண்டு சுண்டினார். முடி போல ஒரு கோடு விழுந்தது. அதன்மேல்தான் இன்று கம்பிகள் ஓடுகின்றன. அவர் என்னைப் பாராட்டவும் இல்லை, அனுமதி கொடுக்கவும் இல்லை. "பரீட்சை எப்ப?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

படிக்கிற பையனுக்கு இழைப்புளி எதற்கு? படித்ததைத் தொட்டுப் பார்ப்பதற்கு. பெற்றவர்களின் கை எவ்வளவு படித்தது என்று தெரிந்துகொள்வதற்கு. என் விடை இவ்வளவுதான்.

கல்லூரி விழாவில் வாசிக்கும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. பஞ்சமத்தில் நிற்க வேண்டிய உருளை பாதி நாள்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆயினும் கருவியைப் பார்க்கவோ, அதைவிட நல்லதாக ஒன்று செய்யவோ விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள், எடுத்து வருகிறேன். காய்ந்த தறிக்கட்டை கைவசம் இருப்பவர்கள் முதலில் வரலாம்.