தமிழ் தெரிந்தவர்களுக்கு யப்பானிய மொழி



வோபர்னில் எமது தொடர்மாடிக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு தாயார் எம்மை மறித்தார். "அண்ணை, மகள் யப்பான் பாஷை படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். காட்டூன் பாத்துப் பாத்து வந்த ஆசை. வாயிலை தமிழே ஒழுங்கா வரேல்லை. எங்களுக்கு இங்கிலிசும் இன்னும் பிடிபடேல்லை. இதுக்கை இதென்ன புதுக்கூத்து?"

அன்று நின்ற நிலையில் நாம் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். பிள்ளை படிக்கட்டும். ஆனால் தமிழை விட்டுவிட்டு அல்ல, தமிழைக் கொண்டு படிக்கட்டும். பெற்றோரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

காரணம் இதுதான். "நான் நேற்றுக் கடையில் புத்தகத்தை வாங்கினேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, வசனத்தையே புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. எமக்கு ஆங்கிலம் தடக்குவது மூளைக் குறைவினால் அல்ல, இந்தப் புரட்டலும் ஒரு காரணம். யப்பானிய மொழியில் அந்தத் தொல்லை இல்லை. "வதஷி வ கினோ மிசெ தெ ஹொன் ஒ கைமஷித." வதஷி வ என்றால் நான், கினோ நேற்று, மிசெ தெ கடையில், ஹொன் ஒ புத்தகத்தை, கைமஷித வாங்கினேன். தமிழில் நிற்கும் ஒழுங்கிலேயே சொற்கள் நிற்கின்றன.

வேற்றுமை உருபுகளும் எமது போலவே சொல்லுக்குப் பின்னால் வரும். 'ஐ' என்பதற்கு 'ஒ', 'கு' என்பதற்குப் பெரும்பாலும் 'நி', 'இருந்து' என்பதற்கு 'கர', 'உம்' என்பதற்கு 'மொ'. "நானும்" என்றால் "வதஷி மொ". நாம் "வந்தாரா?" என்று கடைசியில் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் கடைசியில் 'க' சேர்ப்பார்கள். "சாப்பிட்டுப் பார்ப்பது" என்று நாம் சொல்வதை அவர்களும் "தபெதெ மிரு" என்பார்கள். மிரு என்றால் பார்ப்பது!

இன்னொன்று யாழ்ப்பாணத்தாருக்கென்றே வைத்தது போன்றது. எமது ஊரில் இது, உது, அது என்று மூன்று உண்டு. கேட்பவர் பக்கத்தில் இருப்பதை "உது" என்போம். ஆங்கிலத்தில் இரண்டுதான். யப்பானிய மொழியில் மூன்றும் உண்டு: கொரெ, சொரெ, அரெ. அப்படியே இங்கை, உங்கை, அங்கை என்பவை கொகொ, சொகொ, அசொகொ. வீட்டில் "உதை எடு பிள்ளை" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதுப்பாடமே அல்ல.

குறில் நெடிலும் அப்படித்தான். ஒபசன் என்றால் மாமி, ஒபாசன் என்றால் பாட்டி. நெடிலைக் குறுக்கினால் ஆளே மாறிவிடும். எழுத்து வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். அந்த 'ஹ' முற்காலத்தில் 'ப' ஆக ஒலித்தது. பௌத்தத்துடன் யப்பானுக்குச் சென்ற இந்திய எழுத்து வரிசையின் தடம் இது.

இதனால் இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அவ்வுறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவருடன் சேர்ந்து ஆய்ந்தனர். ஆனால் மொழியியலாளர் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. கொரிய, துருக்கிய மொழிகளிலும் வினை கடைசியில்தான் வரும். உறவு இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். படிப்பவருக்கு உள்ள வசதி குறையாது.

தொடங்கும் வழி: முதலில் ஹிரகான எழுத்துகள் 46. நாளுக்கு ஐந்து எழுதினால் பத்து நாளில் முடியும். அடுத்து, பிறமொழிச் சொற்களை எழுதும் கதகான 46. சீன எழுத்தான கன்ஜியைக் கண்டு மலைக்க வேண்டாம். அன்றாடப் பாவனைக்கு வகுத்தவை 2,136 என்றாலும், அங்குள்ள பிள்ளைகளே பல ஆண்டுகளாகத்தான் படிக்கிறார்கள். ஒன்றை மட்டும் தவிருங்கள். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்க வேண்டாம். திறப்புக்கு ஒரு சொல், ஒரு பழத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் "ககி"தான். யப்பானிய எழுத்தில் இரண்டும் வேறு.

புத்தகத்துக்கு மார்க்கம் வீதியில் செடர்பிறே நூலகம் இருக்கிறது. ரொறன்ரோவில் வசிப்பவர்களுக்கு அட்டை இலவசம். வகுப்புக்கு யப்பானியக் கனேடியப் பண்பாட்டு நிலையம் உண்டு. சேருமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நிலையத்தை அமைத்த சமூகத்தின் கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனேடியர் வீடுவாசலை இழந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களது மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1949 வரை அங்கு திரும்ப விடவில்லை. 1988இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. அதற்கிடையில் பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டியின் மொழி போய்விட்டது. அதைப் பின்னர் அரிச்சுவடியிலிருந்து படித்தவர்களும் உண்டு.

எமக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வைத்தியரிடமும் கந்தோரிலும் பிள்ளைதான் எமக்காகக் கதைக்கிறது. பெற்றோருக்கு உள்ளூர ஒரு கூச்சம். இந்தப் பாடத்திலோ அம்மாவுக்குத்தான் முந்தித் தெரியும். மகள் "சொரெ" என்று வாசிக்கும்போது, "அது உது பிள்ளை" என்று நீங்கள் சொல்லலாம். அவள் யப்பானிய மொழியைக் கடைசிவரை படிக்காவிட்டாலும், அந்த உது அவளுடன் இருக்கும்.