சன்ரூப் பெரிசா? பாட்டி முழங்கால் பெரிசா?

கம்பத்தில் புது கார் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "சன்ரூப் இருக்கா? டி.வி. மாதிரி திரை இருக்கா?" என்பதுதான். கேட்கட்டும், தப்பில்லை!

வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ் மூன்றுமே 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கின. அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பின்சீட்டை வைத்துத்தான்! செடான் தாழ்வானது. முழங்கால் வலிக்காரப் பாட்டி குனிந்து ஏறணும். நடுவில் உட்காருகிறவருக்குக் காலடியில் மேடு இடிக்கும். இதெல்லாம் விலைப்பட்டியலில் வராது.

ஓட்டிப் பார்க்கும் வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லட்டும். குடும்பத்தோடு கம்பம்மெட்டு மலையேறிப் பார்க்கட்டும். ஏ.சி. போட்டால் ஏற்றத்தில் திணறுகிறதா? வளைவில் குழந்தைக்குக் குமட்டுகிறதா? வேகத்தடையில் அடி தட்டுகிறதா?

பணம் கட்டுவது ஒருவர். பல வருஷம் உட்காரப் போவது குடும்பமே! பாட்டி தலையாட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்!