ஏழு வாழ்த்துரை, ஒரு சிறுகதை

சின்ன ஊர்களில் நடக்கும் இலக்கியக் கூட்டத்தின் அழைப்பிதழை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை. தலைமை ஒருவர். முன்னிலை பத்துப் பேர் (முன்னிலை என்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம்). வாழ்த்துரை ஏழு பேர். சிறப்புரைக்கு வெளியூர்ப் பேராசிரியர். நன்றியுரை. நாட்டுப்பண். இத்தனைக்கும் நடுவில் ஏதோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், உள்ளூர்ப் படைப்பாளர்கள் வாசிப்பு என்று ஒரு வரி இருக்கும். கூட்டம் போட்டதே அந்த ஒரு வரிக்காகத்தான் என்பது அச்சடிக்கக் கொடுத்தவருக்கே மறந்து போயிருக்கும்.

மாலை 6 மணி என்று போட்டிருந்தால் 7 மணிக்கு ஆரம்பிக்கும். இடம் கிளை நூலக மாடியாகவோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையாகவோ இருக்கும். மைக் செட்டுக்காரர் ஹலோ ஹலோ சொல்லி முடிக்கும்போது 40 நாற்காலியில் 25 நிரம்பியிருக்கும். அதில் 15 பேர் மேடைக்குப் போக வேண்டியவர்கள் :-)

இப்படி ஒரு கூட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டீச்சர் கதை படிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில் 9 பக்கம். வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு உட்கார்ந்து இரண்டு மாதமாக எழுதியது. அவர் பெயரைக் கூப்பிடும்போது மணி 8.40. "நேரமின்மை காரணமாக மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்கிறார் தொகுத்து வழங்குபவர். ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ் 9.10-க்கு. டீச்சர் முதல் இரண்டு பக்கத்தைப் படிக்கிறார். அப்புறம் தாள்களை மொத்தமாகப் புரட்டிவிட்டுக் கடைசி அரைப் பக்கத்தைப் படிக்கிறார். கைதட்டல். தலைவர் "அருமை, அருமை" என்கிறார். தோளில் ஒரு பொன்னாடை விழுகிறது. முடிந்தது. கதையின் நடுவில் என்ன நடந்தது என்று அந்த அரங்கத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமலேதான் கை தட்டினார்கள்.

நேரத்தை ஒழுங்காகப் பிரித்துக்கொண்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. ஏழு வாழ்த்துரை தற்செயலாக வந்து உட்கார்ந்துகொண்டதல்ல. கதையைக் கேட்காமல் தப்பிப்பதற்கு ஊர் கண்டுபிடித்த வழி அது. கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். சென்னையில் ஒரு கூட்டத்தில் ஒரு நாவலை நார் நாராகக் கிழித்துவிட்டு மின்சார ரயில் ஏறிக் காணாமல் போய்விடலாம். சின்ன ஊரில் முடியாது. கவிதை படித்தவர் நாளைக் காலையில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பார். ஹைக்கூ எழுதியவர் எல்ஐசி ஏஜெண்ட். மரபுக்கவிதை வாசித்த தமிழய்யாவிடம் அந்த அரங்கில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பில் அடி வாங்கியவர்கள். "அய்யா, ரெண்டாவது விருத்தத்துல சரக்கே இல்லீங்களே" என்று யார் போய்ச் சொல்வது? அதனால் எல்லாருக்கும் அருமை, எல்லாருக்கும் பொன்னாடை. மறுநாள் வாட்ஸப் குழுவில் கைகூப்பும் பொம்மைகளோடு அதே அருமை இன்னொரு தடவை.

யாருக்கு என்ன நஷ்டம், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நஷ்டம் எழுதுகிறவருக்குத்தான். பத்து வருடம் அருமை கேட்டவர் ஒரு நாள் சொந்தக் காசில், பெரும்பாலும் பி.எஃப். பணத்தில், ஒரு தொகுப்புப் போடுவார். வெளியீட்டு விழாவில் ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். மிச்சம் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போகும். வாங்கினவர்களும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆகும். தெரியவரும்போது திருத்திக்கொள்ளக் காலம் இருக்காது.

சின்ன ஊர் என்றாலே இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்கிற கரிசல்காட்டு ஊர். பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதுச் சேக்காளிகள். அழகிரிசாமிக்கு அவர் இறந்த பிறகு 1970-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது, கி.ரா.வுக்கு 1991-ல். அப்புறம் அதே வட்டாரத்தில் பூமணிக்கு 2014-ல், சோ. தர்மனுக்கு 2019-ல். தேவதச்சன், ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர், கௌரிஷங்கர், சமயவேல் என்று பட்டியல் இன்னும் நீளும். ‘பூ’ படம் (2008) பார்த்தவர்களுக்கு ஒரு தகவல்: அது தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையிலிருந்து வந்தது.

கரிசல் மண்ணில் ஏதோ தனிச் சத்து இருப்பதாகச் சிலர் உருகுவார்கள். மண்ணில் ஒன்றும் இல்லை. தேவதச்சனுக்கு நகைக்கடை. தமிழ்ச்செல்வனுக்குத் தபால் துறையில் வேலை. உதயசங்கர் ஸ்டேஷன் மாஸ்டர். பகலெல்லாம் பிழைப்பு, பொழுது சாய்ந்தால் நகைக்கடையில், டீக்கடையில், காந்தி மைதானத்தில் பேச்சு. மேடை கிடையாது, முன்னிலை கிடையாது, பொன்னாடை கிடையாது. எழுதினதைக் கொண்டுவந்தால் படிப்பதற்கு ஆள் இருந்தது, சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்வதற்கும் ஆள் இருந்தது. சொன்னவரும் கேட்டவரும் மறுநாள் சாயங்காலம் அதே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். முகத்தில் முழிக்க வேண்டுமே என்று வாயை மூடிக்கொள்ளலாம். எப்படியும் முழித்துத்தான் ஆக வேண்டும், அதனால் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றும் நினைக்கலாம். கோவில்பட்டி இரண்டாவது வழியில் போனது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டமும் ஏறக்குறைய இந்த வழிதான்.

ஆனால் ஒன்று. மேலே உள்ள கோவில்பட்டிப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஒரு பெண் பெயராவது இருக்கிறதா? கரிசல்காட்டுப் பெண்களுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பாட்டியின் வாயிலிருந்து வந்தது போலத்தான் இருக்கும். ராத்திரி 10 மணிக்கு மைதானத்தில் உட்கார்ந்து இலக்கியம் பேசுகிற வசதி அந்தப் பாட்டியின் பேரனுக்கு இருந்தது, பேத்திக்கு இல்லை. இலக்கிய இரவு என்று பெயர் வைத்தவுடனேயே பாதி ஊரை வெளியே நிறுத்தியாகிவிட்டது. இதைச் சொன்னால் "பெண்களும் வரட்டுமே, யார் வேண்டாமென்றது?" என்பார்கள். 9.10 பஸ் வேண்டாமென்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 3 மணிக்கு வைத்தால் என்ன குறைந்துவிடும்? இடத்துக்கும் பஞ்சமில்லை. சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்டுவிட்டது. சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் 100 ரூபாய்க்கு 10 ரூபாய் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார்கள். நூலகங்களுக்கு வாசகர் வட்டமும் உண்டு. ஊர் ஏற்கெனவே வாடகை கொடுத்துவிட்ட இடம் அது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாமக்கல்லில் நடந்தது இன்னொரு விதம். அங்கே அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெருமாள்முருகன், தன் வீட்டு மாடியில் ‘கூடு’ என்ற பெயரில் சந்திப்பு நடத்திவந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் அவரிடம் படித்த மாணவர்கள், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர்கள். அந்த வட்டத்திலிருந்து 2013-ல் ‘சாதியும் நானும்’ என்று ஒரு புத்தகம் வந்தது. சொந்த ஊரில், சொந்த வீட்டில், சாதியால் தாங்கள் பட்டதையும் பிறருக்குச் செய்ததையும் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். ஏழு வாழ்த்துரைக்கு நடுவே மூன்று நிமிடத்தில் இதைப் படிக்க முடியுமா? குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்கிற நாலு பேர் முன்னால்தான் இப்படிப்பட்ட விஷயத்துக்கு வாய் திறக்கும்.

அதே பெருமாள்முருகனுக்குப் பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். ‘மாதொருபாகன்’ நாவல் வந்தது 2010-ல். நாலு வருடம் திருச்செங்கோட்டில் அதைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று எதிர்ப்பு, புத்தக எரிப்பு, அப்புறம் கடையடைப்பு. 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல 2016 ஜூலை ஆனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிர்ப்புக் கிளம்பியபோது ஊரில் கைமாறியது முழு நாவல் அல்ல, அதிலிருந்து பிய்த்தெடுத்த சில பக்கங்களின் ஜெராக்ஸ். டீச்சருக்குக் கை தட்டியவர்களும் நடுப்பக்கங்களைக் கேட்கவில்லை. நாவலுக்கு எதிராகக் கொதித்தவர்களில் பலரும் முன்பின் பக்கங்களைப் படிக்கவில்லை. ஒரு ஊர் தன் ஆட்கள் எழுதுவதை மாதா மாதம் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுப் பழகியிருந்தால் நாலு பக்க ஜெராக்ஸ் அவ்வளவு சுலபமாக வேலை செய்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எதிர்ப்புக்குப் பின்னால் சாதியும் அரசியலும் சேர்ந்தே இருந்தன. ஆனாலும் "அட, இதையெல்லாம் அவர் நம்ம முன்னாடியே படிச்சுக் காட்டினாரேப்பா" என்று சொல்ல ஊருக்குள் ஐம்பது பேர் இருப்பதற்கும் ஒருவர்கூட இல்லாததற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

உள்ளதைச் சொல்லுங்கள் என்றவுடன் சிலர் உற்சாகமாகிவிடுவார்கள். அவர்களும் ஆபத்துதான். நாலு புத்தகம் படித்த சீனியர் ஒருவர், முதல் கதை எழுதின கல்லூரிப் பையனைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கிழித்துத் தோரணம் கட்டுவார். படிமம் இல்லை, தரிசனம் இல்லை, லத்தீன் அமெரிக்காவில் இதை அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார்கள் என்பார். பையன் அதோடு கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடுவான். அருமை சொல்பவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு பேருமே கதையைக் கேட்கவில்லை. "மூணாவது பக்கத்துல எனக்குத் தூக்கம் வந்திருச்சு தம்பி", "அந்த ஆத்தா அவ்வளவு நல்லாப் பேசிட்டு அப்புறம் வரவே இல்லையே, எங்க போச்சு?" இந்த மாதிரி ஒரு வார்த்தை போதும் எழுதுகிறவனுக்கு. இதைச் சொல்ல எம்.ஏ. தமிழ் வேண்டியதில்லை. காது இருந்தால் போதும்.

அரங்கேற்றம் என்கிற பழைய வழக்கத்துக்கு அர்த்தமே இதுதான். தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. உரையெழுதிய நச்சினார்க்கினியர் இன்னும் ஒரு கதை சொல்வார். தொல்காப்பியர் மேல் அகத்தியருக்குக் கோபம். அந்த நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானுக்கு உத்தரவு போட்டுவிட்டார். தொல்காப்பியரோ நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்று வேண்டி நிற்கிறார். இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள முடியாமல், கேட்பது போலக் கேட்டுக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார் ஆசான். சொன்ன குற்றத்துக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொன்னார். நடந்ததோ இல்லையோ, அருமையான கதை (இந்த அருமை நிஜ அருமை). குற்றம் சொல்ல வேண்டுமென்றாலும் ஆசான் கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது பாருங்கள். வாழ்த்துரை சொல்ல அந்தச் சிரமமே கிடையாது.

டீச்சர் விஷயத்துக்கு வருவோம். 9 பக்கம் நிதானமாகப் படிக்க 20 நிமிடம் ஆகும். ஏழு வாழ்த்துரை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 35 நிமிடம். (ஐந்து நிமிடத்தில் முடிப்பவர் யார் என்பது வேறு விஷயம்.) அதை எடுத்துவிட்டால் கதையைப் படித்து முடித்து, டீ குடித்துக்கொண்டே பதினைந்து நிமிடம் அதைப் பற்றிப் பேசவும் செய்யலாம். பொன்னாடை வாங்கும் காசில் அந்தக் கதையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடலாம், முழுக் கதையையும்.

இப்போதைக்கு அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். பையில் 9 பக்கம், அதன் மேல் மடித்து வைத்த பொன்னாடை. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பெண்ணும் அதே பஸ்ஸுக்குத்தான் நிற்கிறாள். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் பக்கத்தில் வந்து கேட்கிறாள்: "டீச்சர், நடுவுல அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"