வெளிற்றிய கூந்தலும் அவசரக் கறுப்பும்

பல தசாப்தங்களாக அரசியலையும் போரையும் சமாதானப் பேச்சுவார்த்தைகளையும் பற்றியே எழுதிவந்த ஒரு பத்திரிகையாளன் தலைமயிர்ச் சாயத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், அதை வாசகர்கள் சிலர் விநோதமாக நோக்கக்கூடும். ஆனால், கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு தொடக்கம் லண்டன், ரொறன்ரோ, சூரிச் வரை எமது குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் இன்று மூளுகின்ற சச்சரவுகளில் தலைமயிரின் நிறமும் ஒன்று என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அந்தச் சச்சரவின் முடிவில் வீட்டுக் குளியலறையில் நடப்பதைப் பற்றி எமது பத்திரிகைகள் எழுதியதை நான் கண்டது மிகவும் அரிது.

பிள்ளை தலைமயிரை 'பிளீச்' செய்து பொன்னிறமாக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது வீட்டில் எழுகின்ற ஆவேசம் நாமெல்லோரும் அறிந்ததே. "நாளைக்கே கறுப்பாக்கிப்போட்டு வா" என்று தகப்பன் சொல்வார். பெரியப்பா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அதையே சொல்வார். கல்யாண வீடோ செத்த வீடோ நெருங்கி வந்தால் இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. கடையில் ஒரு பெட்டி கறுப்புச் சாயம் வாங்கி, இரவோடிரவாகக் காரியம் முடிக்கப்படும். தலைமயிரை வெளிற்றுவதால் ஏற்படும் பாதிப்பைப் பற்றி மூத்தவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். ஆனால், வெளிற்றிய மயிரை அவசரமாகக் கறுப்பாக்குவதால் விளைகின்ற கேடு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதும், அந்த அவசரம் பிள்ளைகளுடையது அல்ல, எங்களுடையது என்பதுமே எனது அபிப்பிராயம்.

இதை விளங்கிக்கொள்வதற்குச் சிறிதளவு இரசாயனவியல் தேவைப்படுகிறது. ஒவ்வொரு மயிரிழையின் வெளிப்புறத்திலும் கூரை ஓடுகளைப் போன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உள்ளேயிருக்கும் பகுதியில்தான் மயிருக்கு நிறத்தைத் தருகின்ற மெலனின் இருக்கிறது. வெளிற்றுகின்ற தூளும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்து அந்தச் செதில்களைத் திறந்துகொண்டு உள்ளே போய் மெலனினைச் சிதைக்கின்றன. எங்களுடையதைப் போன்ற கருமயிர் முதலில் செம்பழுப்பாகி, பிறகு செம்மஞ்சளாகி, இறுதியில் வெளிர்மஞ்சளாகிறது. நிறம் மாத்திரம் வெளியேறினால் பரவாயில்லை. மயிருக்கு உறுதியைக் கொடுக்கின்ற கெரற்றின் புரதத்தின் பிணைப்புகளில் ஒரு பகுதியும் அத்துடன் அறுந்துபோகிறது. எஞ்சுவது பஞ்சைப் போன்று எதையும் உடனே உறிஞ்சுகின்ற, ஆனால் எதையும் நெடுநாள் வைத்திருக்க மாட்டாத ஒரு நார்.

வெள்ளைத் துணிக்குச் சாயம் போடுவதைப் போன்றதே இதுவும் என்று பலர் நினைக்கிறார்கள். துணியிலே எந்தச் சாயத்தைத் தோய்த்தாலும் ஏறக்குறைய அதே நிறம் வரும். வெளிற்றிய மயிரோ அவ்வாறு நடந்துகொள்வதில்லை. இயற்கையான கருமயிரில் கறுப்புக்கு அடியில் சிவப்பும் செம்மஞ்சளும் மறைந்திருக்கின்றன. பெட்டியில் வருகின்ற கபில நிறச் சாயங்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்பு அடியில் இருக்கும் என்ற கணிப்பிலேயே கலக்கப்படுகின்றன. வெளிர்மஞ்சளாகிவிட்ட மயிரில் அது இல்லை. சாயத்தில் உள்ள நீலச் சாயல் மஞ்சளின்மீது படியும்போது பாசிபிடித்த பச்சையோ சாம்பலோ உருவாகிறது. அதிகம் சேதமடைந்த நுனிப்பகுதி சாயத்தைக் கூடுதலாக உறிஞ்சி இருண்டுபோக, அடிப்பகுதி வேறொரு நிறத்தில் நிற்கும். நாலைந்து தடவைகள் முழுகியதும் அந்த நிறமும் கழன்று போய்விடும்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுவே நடந்தது. தாயாரின் தம்பியின் திருமணத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய யுவதியின் கூந்தல் வெளிர்பொன்னிறமாக இருந்தது. அம்மம்மாவின் மனம் நோகக்கூடாது என்று திருமணத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் மாமிமார் வீட்டிலேயே கடுங்கபிலச் சாயத்தைப் பூசினார்கள். விடிந்தபோது கூந்தல் குளத்துப் பாசியின் நிறத்தில் இருந்தது. அன்று பிற்பகலே அதற்கு மேலாகக் கறுப்புச் சாயம் பூசப்பட்டது. திருமணப் புகைப்படங்களில் அவரின் தலை கறுப்பாகத்தான் இருக்கிறது. நெற்றியிலும் காதோரத்திலும் சிவந்து தடித்திருந்ததைப் புகைப்படக்காரர் மறைத்துக் கொடுத்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு சீப்பில் கொத்துக் கொத்தாக முறிந்து வந்த கூந்தலைத் தோளுக்கு மேலாக வெட்டவேண்டியதாயிற்று. அவர் பல மாதங்கள் எடுத்து நிதானமாகச் செய்த ஒன்றை இரண்டு நாட்களில் இல்லாமல் செய்ய முற்பட்டதன் விலை அது.

தோல் தடித்ததற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஓகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் 19 ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பராபினைலீன்டயமீன் என்ற பொருள், சுருக்கமாக பி.பி.டி., இன்றும் நிரந்தரக் கறுப்புச் சாயங்கள் பலவற்றின் அடிப்படையாக இருக்கிறது. 1907 ஆம் ஆண்டில் பாரிஸில் இயூஜீன் ஷுவெலர் என்ற இளம் இரசாயனவியலாளர் தயாரித்து விற்கத் தொடங்கிய செயற்கைச் சாயத்தில் இருந்தே லோரியல் நிறுவனம் பிறந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் பி.பி.டி.யின் இடத்தை முற்றாகப் பிடிக்கக்கூடிய வேறு பொருள் வந்துவிடவில்லை. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தும். கண் இமைகளும் முகமும் வீங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசப்படும் கலவையில் அதன் அளவு 2 வீதத்துக்கு மேற்படக்கூடாது. சாயம் பூசுவதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் தோலில் சிறிதளவு பூசிச் சோதித்துப் பார்க்குமாறு பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கே கறுப்பாக்கு என்று சொல்லும் வீட்டில் அந்த 48 மணித்தியாலங்களுக்கு இடமேது? வெளிற்றும் தூள் பட்டு ஏற்கெனவே எரிந்துபோயிருக்கும் உச்சந்தலையில் அடுத்த நாளே இந்தக் கலவையைப் பூசுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பானது.

ஐரோப்பியப் பெட்டிகளில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இத்தகைய சாயங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியவை அல்ல என்பதே அது. விடுமுறையில் தலைமயிரை வெளிற்றிய மாணவனைப் பாடசாலை வாசலில் நிறுத்தி, கறுப்புத் தலையுடன் வந்தால்தான் வகுப்புக்குப் போகலாம் என்று சொல்கின்ற அதிபர்களும் ஆசிரியர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், 15 வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சாயத்தைப் பூசச் செய்வது ஒழுங்கு அல்ல. மயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. பையன்களைப் பொறுத்தவரை இரண்டு மூன்று மாத அவகாசமும் ஒரு கத்தரிக்கோலும் போதும். நீண்ட பின்னலுடைய பெண்பிள்ளைகளுக்கு அவகாசம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

மூத்தவர்களிடம் கேட்பதற்கு எனக்கு வேறொரு கேள்வியும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய எமது ஆண்களில் எத்தனை பேர் நரையுடன் வெளியில் வருகிறார்கள்? எமது அரசியல் மேடைகளில் எழுபது வயதுத் தலைவர்களின் தலைகள் மின்னுவதை நான் முன்வரிசையில் இருந்து பல வருடங்களாகப் பார்த்து வந்திருக்கிறேன். தாங்கள் சாயம் பூசினால் மரியாதை, பிள்ளைகள் பூசினால் சீர்கேடு என்ற நியாயம் எப்படிப் பொருந்தும்? இந்த முரண்பாட்டில் ஆபத்தும் இருக்கிறது. தன் தலைக்கு மாதந்தோறும் சிக்கலின்றிப் பூசுகிற அதே பெட்டியைத் தகப்பன் பிள்ளையிடம் நீட்டுகிறார். நரைமயிர் தானாகவே நிறத்தை இழந்தது. அதன் செதில்கள் பெருமளவுக்கு அப்படியே இருக்கின்றன. உண்மையில் அது சாயத்தை எளிதில் ஏற்பதுமில்லை. வெளிற்றிய மயிர் அதற்கு நேர்மாறானது. பார்வைக்கு இரண்டும் வெளிறியவை என்பதைத் தவிர அவற்றுக்கு இடையில் ஒற்றுமை குறைவு.

அப்படியானால் வீட்டில் இதைச் செய்யவே முடியாதா? முடியும், நேரம் இருந்தால். வெளிற்றிய பிறகு தோல் ஆறுவதற்குச் சில வாரங்களாவது விடவேண்டும். ஒவ்வாமைச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது. உள்ளே மறைவாக இருக்கும் ஒரு சிறு கற்றையில் முதலில் பூசி நிறத்தைப் பார்க்கவேண்டும். முதலில் செம்பு அல்லது பொன் சாயலுள்ள நிறத்தைப் பூசி இழந்த அடிநிறத்தை மீட்டு, அதற்கு மேல் கபிலத்தைப் பூசுவதே தொழில் தெரிந்த சிகையலங்காரக் கலைஞர்களின் முறை. விரும்பும் நிறத்திலும் பார்க்க ஓரிரு படிகள் வெளிர்வானதைத் தெரிவு செய்வது நல்லது. வெளிற்றிய மயிர் எந்நேரமும் கூடுதலாகவே குடிக்கும். மயிர் ஏற்கெனவே வெளிறியிருப்பதால் செறிவு கூடிய பேரொட்சைட்டு தேவையில்லை. சில வாரங்களில் மெல்லக் கழன்றுபோகும் தற்காலிகச் சாயமே ஆரம்பத்துக்குப் பொருத்தமானது. நிரந்தரக் கறுப்பைப் பூசிவிட்டால் பிறகு இன்னொரு சாயத்தால் அதை வெளிறச் செய்ய முடியாது. மறுபடியும் வெளிற்றவே வேண்டும். 'கறுப்பு மருதாணி' என்ற பெயரைக் கண்டு ஏமாறவும் கூடாது. அசல் மருதாணி செம்மஞ்சள் கலந்த கபிலத்தையே தரும். கறுப்பாக வந்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பி.பி.டி.தான்.

இந்த விபரங்களைச் சொல்லவேண்டிய இடம் உண்மையில் சாயப்பெட்டிதான். இலங்கையில் நான் கடைகளில் எடுத்துப் பார்த்த பெட்டிகளில் அநேகமானவற்றின் எச்சரிக்கைகள் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மாத்திரமே இருந்தன. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாடு இது. மொழியுரிமை என்றதும் சுற்றுநிருபங்களையும் பொலிஸ் நிலையங்களையுமே நினைக்கிறோம். ஒரு தாய் தன் மகளின் தலையில் பூசப்போகும் பொருளின் ஆபத்தைத் தன் மொழியில் வாசிப்பதும் மொழியுரிமையே. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனப் பொருட்கள் முதலிடத்தில் இருந்தன. அதை நீக்கி, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது அவை பெயரிலிருந்து மறைந்தன. பெயரில் மறைந்தவை கவனத்திலிருந்தும் மறைந்துவிடக்கூடாது. இறக்குமதியாகும் ஒவ்வொரு சாயப்பெட்டியிலும் வயதெல்லையும் ஒவ்வாமைச் சோதனையும் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படவேண்டும் என்று கோருவது நியாயமானதே.

சட்டம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பொன்னிறத் தலையுடன் ஒரு பிள்ளை கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினால் சில மாமிமார் முணுமுணுப்பார்கள். அடுத்த பந்தி முடிவதற்குள் அந்தப் பேச்சு அடங்கிவிடும். அந்த முணுமுணுப்புக்குப் பயந்து பிள்ளையின் தலையை ஒரே இரவில் கறுப்பாக்க வேண்டியதில்லை.