கிலோமீட்டரைப் பாக்காதீங்க, வெயிலைப் பாருங்க

போன சித்திரையில ஒரு நாள். மதியம் ஒன்றரை மணி இருக்கும். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வேப்ப மரத்தடியில கயித்துக் கட்டில்ல சாஞ்சிருந்தேன். ரோட்டுப் பக்கம் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். எங்க காடு பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கு. அதனால இந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். டயர் வெடிக்கிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தா ஒரு கார், பின் டயர் கிழிஞ்சு தொங்குது. சாமி புண்ணியத்துல அந்தத் தம்பி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. சின்னதுக்கு முகமெல்லாம் சிவந்து கிடக்கு. எல்லாரையும் மரத்தடிக்குக் கூட்டிட்டு வந்து மோர் கரைச்சுக் கொடுத்தேன். எங்க போறீங்கன்னு கேட்டா கன்னியாகுமரின்னாரு. சென்னையில காலை 8 மணிக்கு மேல கிளம்பி, அன்னைக்கே போய்ச் சேர்ந்துடணும்னு திட்டம். 700 கிலோமீட்டர். "மேப்ல 12 மணி நேரம்னுதான் காட்டுச்சு அண்ணே"ன்னாரு.

அந்த மேப் தூரத்தைச் சொல்லும், நேரத்தைச் சொல்லும். வெயிலைச் சொல்லாது. நான் சொல்ல வந்ததும் இதுதான். நம்ம நாடு பெரிய நாடு, வெயில் நாடு. இங்க பயணத்தைக் கிலோமீட்டரை வச்சுத் திட்டம் போடக் கூடாது, வெயிலை வச்சுத்தான் போடணும்.

விவசாயிங்க நாங்க அப்படித்தான் வாழுறோம். விடியக்காலம் 5 மணிக்குக் காட்டுல இறங்குனா 11 மணிக்கு மேல ஏறிடுவோம். அப்புறம் மூன்றரை, நாலு வரைக்கும் நிழல்தான். அந்த நேரத்துல களை வெட்டச் சொன்னா ஆளு வரமாட்டாங்க, வந்தாலும் மயங்கி விழுவாங்க. அதே நேரத்துலதான் நீங்க பிரியாணி சாப்பிட்டுட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீங்க. ஏ.சி. இருக்கேன்னு சொல்லலாம். ஏ.சி. உங்க உடம்புக்குத்தான். டயருக்கு யாரு ஏ.சி. போடுறது?

காத்து குறைஞ்ச டயர் நசுங்கி நசுங்கி உருளும். அதுலயே சூடு ஏறும். கீழ கொதிக்கிற ரோடு, டிக்கி நிறைய சாமான், நூறுக்கு மேல வேகம். அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்? வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வைக்கணும்னு சிலர் சொல்றாங்க. கேக்காதீங்க. கம்பெனி சொன்ன அளவை, காலையில டயர் ஆறியிருக்கும்போது பார்த்துப் பிடிங்க. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்க. அந்தத் தம்பியோட ஸ்டெப்னியில காத்தே இல்ல. என் மகன் பைக்ல தூக்கிட்டுப் போய்ப் பிடிச்சுட்டு வந்தான்.

மதியத்துக்குப் பயந்து ராத்திரியில ஓட்டுறவங்க இருக்காங்க. அது இதைவிட மோசம். எங்களுக்கு மும்முனை கரன்ட் பல நாள் ராத்திரியிலதான் வரும். மோட்டார் போடப் போறப்ப ரோட்டைப் பார்த்துக்கிட்டே போவேன். சில வருஷம் முன்னாடி ஒரு நாள், விடியக்காலம் மூன்றரை மணி. நின்னுக்கிட்டிருந்த லாரிக்குப் பின்னால ஒரு கார் போய்ச் சொருகிடுச்சு. பிரேக் பிடிச்ச தடமே ரோட்டுல இல்ல. ஓட்டுனவர் கண் அசந்துட்டாரு. பின் சீட்டுல மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகைக் கட்டு. பின்னால இருந்தவங்களை நாங்க நாலஞ்சு பேரு சேர்ந்து வெளியே எடுத்தோம். முன்னால இருந்த ரெண்டு பேரு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் பேசல. இன்னைக்கும் அந்த இடத்தைத் தாண்டுறப்ப அந்தப் பத்திரிகைக் கட்டுதான் ஞாபகத்துக்கு வருது.

2022-ல மட்டும் நம்ம தமிழ்நாட்டுல 64,105 சாலை விபத்து. நாட்டிலேயே அதிகம். செத்தவங்க 17,884 பேரு. இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு.

எல்லாத் தப்பும் கார்க்காரங்க மேலன்னு சொல்ல மாட்டேன். எங்க மேலயும் தப்பு இருக்கு. தை மாசம் மக்காச்சோளம் அடிச்சா களம் பத்தாது. ரோட்டு ஓரத்துல கொட்டிக் காய வைக்கிறோம், சுத்தி கல்லு வைக்கிறோம். நானும் வச்சவன்தான். ஒரு ராத்திரி பைக்ல வந்த பையன் அதுல சறுக்கி விழுந்து கை ஒடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் தார்ப்பாய் வாங்கி வீட்டு வாசல்லயே காய வைக்கிறேன். நாலு நாள் கூட ஆகுது, ஆகட்டும். டிராக்டர் டிரெய்லர்ல பின்னால சிவப்பு ஸ்டிக்கர் கூட இல்லாம இன்னும் பலபேரு ஓட்டுறாங்க. அதைத் திருத்த வேண்டியது நாங்க. ராத்திரி எங்க ஊருப் பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டியது நீங்க.

மதியம் ஓட்டக் கூடாது, ராத்திரியும் ஓட்டக் கூடாதுன்னா எப்பதான் போறதுன்னு கேப்பீங்க. பழைய காலத்து ஆளுங்க போன மாதிரி போங்க. ராணி மங்கம்மாள் முந்நூறு வருஷம் முன்னாடி சாலை போட்டப்ப, ரோட்டை மட்டும் போடல. ரெண்டு பக்கமும் மரம் வச்சாங்க, சத்திரம் கட்டினாங்க. மதுரை ரயிலடிக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம் இன்னைக்கும் இருக்கு. சாலைன்னா போறதுக்கு மட்டுமில்ல, தங்குறதுக்கும்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நாம நாலு வழி போடுறதுக்குப் புளிய மரத்தையெல்லாம் வெட்டினோம். நிழல் போச்சு. அதோட நிக்கிற பழக்கமும் போச்சு.

டயர் மாட்டி முடிச்சதும் அந்தத் தம்பி கேட்டாரு, "இங்க பாக்க ஏதாவது இருக்கா அண்ணே?"ன்னு. எத்தனையோ தடவை இந்த வழியா போயிருக்காராம், ஒரு தடவையும் நின்னதில்லையாம்.

ரோட்டுல இருந்தே தெரியுற ரஞ்சன்குடிக் கோட்டையைச் சொன்னேன். 1751-ல ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபுக்காக இந்தப் பக்கத்துலதான் மோதிக்கிட்டாங்க. காலையில ஏறினா காத்து அள்ளிட்டுப் போகும். மதியம் ஏறினா பாறை காலைச் சுடும். சாத்தனூர்ல 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி மண்ணுல புதைஞ்ச மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாக் கிடக்கு. அப்ப இந்தப் பக்கமெல்லாம் கடல். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் விசேஷ நாளைத் தவிர்த்தா திங்கள், வெள்ளி மட்டும்தான் திறக்கும். கிழக்கே போனா ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரம். சாயங்கால வெயில்ல அந்தக் கோபுரத்தைப் பார்க்கணும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? நம்ம கோயில் பலதுல மதியம் நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பாங்க. சாமியே ஓய்வு எடுக்குற நேரத்துல நாம மட்டும் ஏன் ஓடணும்?

அதனால முந்தின ராத்திரி 9 மணிக்கே படுங்க. நல்லாத் தூங்கி எழுந்து நாலரை, அஞ்சு மணிக்குக் கிளம்புங்க. 11 மணிக்குள்ள ஒரு ஊர்ல நில்லுங்க. சாப்பிட்டுப் படுங்க. 4 மணிக்கு மேல சுத்திப் பாருங்க. இருட்டினதும் வண்டியை நிறுத்துங்க. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் போதும். ரெண்டு நாள்தான் லீவுன்னா பக்கத்து ஊருக்குப் போங்க. கன்னியாகுமரிதான் வேணும்னா ராத்திரி ரயில்ல போய் அங்க வாடகை வண்டி எடுங்க.

நிறுத்துன கார்ல பிள்ளையை விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. கண்ணாடி மூடின கார் கொஞ்ச நேரத்துல அடுப்பா மாறிடும். கிணத்தைப் பார்த்ததும் குதிக்காதீங்க. எங்க ஊருக் கிணறு ஆழம், உள்ளே பாறை இருக்கும், படி எல்லாத்துலயும் இருக்காது.

அடிபட்டவங்களைப் பார்த்தா நில்லுங்க. 108-க்கு அடிங்க, நெடுஞ்சாலைன்னா 1033-ம் இருக்கு. உதவி செஞ்சவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2019-ல சட்டமே திருத்திட்டாங்க. திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுது. பயப்பட வேண்டாம்.

அந்தக் குடும்பம் அன்னைக்குக் கன்னியாகுமரி போகல. வெயில் இறங்கினதும் கோட்டைக்குப் போனாங்க. பெரம்பலூர்ல ரூம் எடுத்துத் தங்கி, மறுநாள் விடியக்காலம் கிளம்பினாங்க. மதுரை தாண்டினதும் அந்தத் தம்பி போன் பண்ணாரு. "அண்ணே, மணி ஒன்பதுதான் ஆகுது, வழியில வெயிலே தெரியல"ன்னாரு.

நீங்க எப்ப வந்தாலும் வேப்ப மரம் இருக்கு, மோர் இருக்கு. டயர் வெடிச்சுத்தான் நிக்கணும்னு இல்ல.