மதியூகியும் மக்களும்

அரசர்க்கு அறிவுரை கூறி வாழ்ந்தோரின் பெருமையை, அவர் கூறியவை பலித்தனவா என்னும் ஒன்றினாலேயே அளத்தல் உலக வழக்கு. அவ்வளவுகோல் போதியதன்று என்பதே எமது கருத்து. சீன தேசத்து ஜியா சூவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 147 இல் வடமேற்கு எல்லைப் புறத்திலே பிறந்த இவர், ஹான் பேரரசு சிதைவுற்ற காலத்தில் படைத்தலைவர் பலர்க்கு அடுத்தடுத்து மதியுரைஞராய் விளங்கினார். 198 இல், பின்வாங்கிய சாவோ சாவோவைத் துரத்த வேண்டாவெனத் தம் தலைவன் சாங் சியூவைத் தடுத்தார். கேளாது சென்றவன் தோற்று மீண்டான். உடனே மறுபடியும் துரத்துக என்றார். தோற்ற படையே வென்று திரும்பியது. முதலில் சாவோ சாவோ தானே பின்னணியைக் காப்பான், துரத்தியோரை முறியடித்தபின் விரைந்து முன்னே செல்வான் என்பதே அவர் கண்ட நுட்பம்.

மறு ஆண்டு, அதே சாவோ சாவோவிடம் சரணடையுமாறு கூறினார். அவனுடைய மூத்த மகனோ 197 இல் சாங் சியூவின் படையால் மாண்டவன். எனினும், உலகாள விழைவோன் பழம்பகை பாராட்டான் என்றார், அவ்வாறே முடிந்தது. 220 இல் வேய் அரசு தோன்றியபோது அதன் உயர்பதவிகளுள் ஒன்றைப் பெற்று, 223 இல் முதுமையெய்தி மறைந்தார்.

ஆயின் 192 இல் நிகழ்ந்தது யாது? கொடுங்கோலன் டோங் சுவோ தலைநகராகிய சாங்கானில் கொல்லப்பட்டான். மன்னிப்புக் கிடையாத அவன் தளபதியர் படையைக் கலைத்து ஊர் திரும்ப எண்ணினர். அவர்தம் அணியிலிருந்த ஜியா சூ, தனித்துச் சென்றால் ஒரு சிற்றூர்க் காவலனே உங்களைப் பிடித்துவிடுவான், படை திரட்டித் தலைநகர்மீது செல்லுங்கள் என்றார். சென்றனர், நகரம் வீழ்ந்தது, மக்கள் பெருந்தொகையினராய் மடிந்தனர். பின்னர்த் தளபதியர் தம்முள்ளே பொருதனர். 195 இல் பேரரசனே நகரைவிட்டு அகன்றான். அடங்கவிருந்த தீயை ஒரு சொல் மீண்டும் மூட்டிற்று.

உயிரைக் காத்தல் எவர்க்கும் இயல்பென்றும், பின்னர் அவர் அமைச்சர் பலரைக் காத்தாரென்றும் அவர் சார்பாக வாதிக்கலாம். இரண்டும் உண்மையே. வெற்றிக்குப்பின் அளித்த பட்டத்தையும் அவர் ஏற்றிலர். உயிர் தப்பச் செய்த சூழ்ச்சியிற் புகழ் யாது என்றார். அவ்விடையே அவர்க்கு எதிரான சாட்சியுமாகும். செயலின் தன்மையை அவர் அறிந்தேயிருந்தார்.

மூன்று அரசுகளின் வரலாறு எழுதிய சென் ஷோ, சூழ்ச்சி தவறாதவரென்று அவரைப் பாராட்டினார். ஐந்தாம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை வகுத்த பெய் சொங்சி, 192 ஆம் ஆண்டின் கேட்டிற்காக அவரைக் கடுமையாக இடித்துரைத்தார். எமது தீர்ப்பு உரையாசிரியர் பக்கமே.

மாணவர்காள்! நாளை உங்களுட் பலர் அதிகாரமுடையோர் அருகே அமர்ந்து ஆலோசனை கூறுவீர்கள். இது பலிக்குமா என்று கேட்குமுன், இதன் விலையைக் கொடுப்போர் யாவர் என்று கேளுங்கள். அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. அவர்களை நினைப்பதற்கே உங்களைக் கற்பித்தோம்.